அத்தியாயம் 6: கழுத்தில் பிடிப்பு, கையில் சேதி

காலையில் எழுந்ததும் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு கடுப்பு. தலையணை சரியில்லை என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். மூன்றாம் நாள் அந்தக் கடுப்பு கைவழியாக இறங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் கரண்ட் அடித்தாற்போல் முழங்கை வரை சுரீர் என்கிறது. நடுவிரல் மரத்துக் கிடக்கிறது. கையைத் தொங்கவிட்டால் வலி கூடுகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் மட்டும் ஏனோ இதமாக இருக்கிறது.

அந்த மேல்கம்பி ஒரு துப்பு. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, கழுத்திலிருந்து கிளம்பும் நரம்பின் இழுவை தளர்கிறது. வலிக்கும் கையைத் தலைமேல் வைத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவர்கள் சோதிப்பதும் இதனால்தான். ‘ஜவ்வு விலகியிருக்கு’, ‘எலும்பு தேய்ஞ்சிருக்கு’, ‘நரம்பு அழுந்துது’ என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் இந்தக் கோளாறு இருப்பது கழுத்தில். அதன் சேதி வருவது கையில். குணமாகிறதா, எப்போது வேலைக்குப் போகலாம், எதை இன்னும் தொடக்கூடாது என்பதையெல்லாம் கையைப் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

எங்கே அழுந்துகிறது?

கழுத்தில் எலும்புகள் 7. அவற்றின் இடுக்குகளிலிருந்து இருபுறமும் 8 ஜோடி நரம்புவேர்கள் வெளியே வருகின்றன. கைகளுக்குப் போகும் நரம்புகள் 5-ஆம் வேரிலிருந்து தொடங்குகின்றன. ஒவ்வொரு வேரும் ஒரு சிறு துளைக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். இளவயதில் எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி அந்தத் துளையை அடைக்கும். 50 வயதை ஒட்டியவர்களுக்குத் தேய்மானத்தால் வளரும் எலும்பு முனைகள் அதைக் குறுக்கும். அழுத்தத்தோடு வீக்கமும் சேரும்போதுதான் வலி தாங்க முடியாததாகிறது. வீக்கம் வடியக்கூடியது. பிதுங்கிய ஜவ்வையும் உடம்பு பல மாதங்களில் தானாகவே கரைத்துச் சுருக்கிவிடுவதுண்டு. ஆபரேஷன் இல்லாமலேயே பெரும்பாலோர் தேறுவதன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்தப் பாதிப்பு வந்த 561 பேரை ஆராய்ந்தார்கள். அடிபட்டதையோ பாரம் தூக்கியதையோ காரணமாகச் சொல்ல முடிந்தவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம்தான். ‘அன்றைக்கு அந்த மூட்டையைத் தூக்காமல் இருந்திருந்தால்’ என்று உங்களையே நொந்துகொள்வதில் பெரும்பாலும் பொருளில்லை. அவர்களில் நான்கில் ஒருவருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் வலியே இல்லாமலோ, லேசான தொந்தரவோடோ இருந்தார்கள்.

எந்த விரல்?

மரத்துப்போகும் விரல் எது, பலம் குறையும் அசைவு எது என்பதை வைத்து எந்த வேர் அழுந்துகிறது என்று ஊகிக்கலாம். அதிகம் மாட்டுவது 7-ஆம் வேர், அடுத்தது 6.

5-ஆம் வேர்: தோளின் வெளிப்புறம் மரக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்குவது சிரமம்.
6-ஆம் வேர்: கட்டைவிரல், ஆள்காட்டிவிரல். முழங்கையை மடக்கித் தூக்குவதும் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்துவதும் தளரும்.
7-ஆம் வேர்: நடுவிரல். முழங்கையை நீட்டித் தள்ளும் பலம் குறையும்.
8-ஆம் வேர்: மோதிரவிரல், சுண்டுவிரல். பிடி தளரும், பாட்டில் மூடியைத் திறக்க முடியாது.

இது ஊகத்துக்குத்தான். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரக்கும். ஆனால் அது பெரும்பாலும் இரவில் எழுப்பும், கையை உதறினால் தணியும், கழுத்தை அசைப்பதால் கூடாது. சர்க்கரை நோயில் வரும் மரப்பு வழக்கமாகப் பாதங்களில் தொடங்கி இரு பக்கமும் சமமாக இருக்கும். நீண்டகாலம் புகைபிடித்தவருக்குச் சுண்டுவிரல் பக்கம் விடாத வலி இருந்தால், நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

காத்திருக்கக் கூடாதவை

இந்தப் பகுதியை வீட்டில் இன்னொருவரும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

இடது கை வலியோடு மார்பில் பாரம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் கழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

இரு கைகளும் தடுமாறுவது, சட்டைப் பொத்தான் போட வராமல் போவது, கையெழுத்து கோணுவது, நடையில் தள்ளாட்டம், கால்கள் கனப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுவது: இவை நரம்புவேரைத் தாண்டித் தண்டுவடமே அழுந்துவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கையின் பலம் நாளுக்கு நாள் குறைவது, விபத்துக்குப் பின் வந்த கழுத்துவலி, காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் வரும் வலி, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்கு வரும் புதுவலி ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை.

முதல் இரண்டு வாரம்

இந்த நாட்களின் வேலை ஒன்றே ஒன்று: வீக்கம் வடியும்வரை நரம்பைச் சீண்டாமல் இருப்பது. அதற்காகப் படுத்தே கிடக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் நடமாடுங்கள், காலையும் மாலையும் சமதரையில் நடங்கள். அண்ணாந்து பார்ப்பது, வலிக்கும் பக்கம் தலையைச் சாய்ப்பது, அந்தக் கையால் பை தூக்குவது மூன்றையும் விடுங்கள். அண்ணாக்கும்போது அந்தத் துளை மேலும் குறுகுகிறது. டம்ளரில் வாய்வைக்காமல் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தைக்கூடச் சில நாள் ஒத்திவைக்கலாம்.

தூக்கம்தான் பெரிய போராட்டம். குப்புறப் படுக்காதீர்கள். மல்லாந்து படுத்தால் ஒரே ஒரு தலையணை; வலிக்கும் கையின் அடியில் மடித்த போர்வை ஒன்று. ஒருக்களித்தால் தலையணையின் உயரம் தோளுக்கும் காதுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப வேண்டும். படுக்கவே முடியாதவர்கள் சில இரவுகளைச் சாய்வு நாற்காலியில் கழிப்பதில் தவறில்லை.

கழுத்துக்கு ‘பெல்ட்’ போடலாமா? நெதர்லாந்தில் வலி தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத 205 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓரளவு விறைப்பான கழுத்துப்பட்டையும் ஓய்வும், இன்னொரு பிரிவுக்குப் பிசியோதெரபி, மூன்றாவது பிரிவு வழக்கம்போல் நடமாடியது. 2009-இல் வெளிவந்த முடிவின்படி, முதல் 6 வாரத்தில் பட்டையும் பிசியோதெரபியும் வலியைச் சீக்கிரம் குறைத்தன. 6 மாதம் கழித்து மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆக, பட்டை ஒரு தற்காலிக ஊன்றுகோல். 3 வாரம் வரை போட்டு, அடுத்த 3 வாரத்தில் நேரத்தைக் குறைத்துக் கழற்றிவிடுவது முறை. மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் கழுத்துத் தசைகள் சோம்பிவிடும்.

மருந்துகளை மருத்துவர் சொன்னபடி மட்டும் எடுங்கள். வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணாகும். சிறுநீரகக் கோளாறும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின் போன்றவை தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். வண்டி ஓட்டுபவர்கள் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயாளிகள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. முடிவெட்டிய கையோடு தலையை இருபுறமும் வெடுக்கென்று திருப்பிச் சலூனில் எடுக்கும் ‘சொடக்கு’ பலருக்கு ஒரு சுகம். அழுந்திய நரம்பு உள்ளவருக்கு அது விஷப்பரீட்சை. கழுத்தெலும்புகளின் ஊடாகத்தான் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தை மிதிப்பதும் இழுப்பதும் இதே வகைதான்.

ஸ்கேன் காகிதத்தைக் கண்டு அரள வேண்டாம்

அபாய அறிகுறிகள் இல்லையென்றால் முதல் சில வாரங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவசியமில்லை. ஆறு வாரம் ஆகியும் தேறாவிட்டாலோ, பலம் குறைந்தாலோ, ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும்போதோ அது தேவைப்படும். ஸ்கேன் அறிக்கையில் மூன்று நான்கு இடங்களில் தேய்மானம் என்று இருந்தால் கலங்காதீர்கள். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 497 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1998-இல் வெளியிட்டார்கள். இருபதுகளில் இருந்த ஆண்களிலேயே 17 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. 60 தாண்டியவர்களில் அது 85 சதவீதத்துக்கும் மேல். மரத்த விரலோடும் தளர்ந்த தசையோடும் பொருந்தும் இடத்துக்குத்தான் மதிப்பு. மற்றவை வயதின் நரை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இரவில் மூன்றே வரி எழுதுங்கள். இன்று வலி எந்த இடம் வரை இறங்கியது? எந்த விரல் மரத்திருந்தது? எதைச் செய்தபோது கூடியது? வாரம் இரண்டு முறை இரு கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழங்கை மடக்கித் தூக்குவது, ஈரத்துண்டைப் பிழிவது. தினமும் சோதிக்க வேண்டாம். சோதனையே நரம்பைச் சீண்டும்.

இந்த நோட்டில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் பின்வாங்குவது வலி. விரலில் இருந்தது முழங்கைக்கும், பிறகு தோளுக்கும், பிறகு கழுத்துக்கும் ஏறும். கைவலி குறைந்து கழுத்துவலி சற்றுக் கூடுவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது நல்ல சேதி. அடுத்து பலம் திரும்பும். கடைசியில்தான் மரப்பு விலகும். நரம்பிழை அறுந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் மறுபடி வளரும்; கழுத்திலிருந்து விரல்நுனி வரை அதற்கு நெடும்பயணம். வலி போய்ப் பல மாதம் கழித்தும் ஒரு விரல்நுனி மட்டும் மந்தமாக இருப்பது அதனால்தான்.

இந்த ஒழுங்கில் ஒரு பொறியும் இருக்கிறது. வலி குறைந்து, கூடவே பலமும் குறைந்தால் அது குணமல்ல. நரம்பு பேச்சு மூச்சில்லாமல் போகிறது என்று பொருள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வலி தோள்பட்டைக்கு மேலே ஏறிய பிறகு பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் ‘கரண்ட்’ வைப்பதும் ஒத்தடமும் இதம் தரும். பலத்தைத் தருவது பயிற்சிதான். முகத்தைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்குவது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் மெல்ல எதிர்த்து அழுத்துவது: பெரும்பாலோர் தொடங்குவது இவற்றில்தான். எந்தப் பயிற்சியாவது வலியைக் கைக்குள் இறக்கினால் அன்றைக்கு அதை நிறுத்துங்கள்.

வேலைக்கு எப்போது?

‘முழுசா சரியான பிறகு போகலாம்’ என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். சம்பளமும் போகும், உடம்பும் இறுகும். வேலைக்குத் திரும்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். இந்த மூன்றும் இருந்தால் தொடங்கலாம்: இரவில் நாலைந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்க முடிகிறது, மருந்து மயக்கவில்லை, கடந்த இரண்டு வாரத்தில் கையின் பலம் குறையவில்லை.

அரைநாள் வேலையில் தொடங்கி வாரந்தோறும் கூட்டுங்கள். அளவுகோல் மறுநாள் காலை. வேலை முடிந்ததும் வலி கூடி, விடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. அதிலேயே ஒரு வாரம் நில்லுங்கள். விடிந்த பிறகும் வலி முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். அதைத் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை.

கணினி வேலை: லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதுதான் சிக்கல். நாலு தடித்த புத்தகத்தின் மேல் அதை ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் எதன் மேலாவது ஊன்றியிருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் படிக்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் திரையைத் தாழ்த்தவோ கணினிக்கெனத் தனிக் கண்ணாடி வாங்கவோ வேண்டும். போனைத் தோளில் இடுக்கிப் பேசும் பழக்கத்துக்கு இன்றோடு முழுக்கு.

தையல்: மெஷினின் பின்கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்தால் மேசை உங்கள் பக்கம் லேசாகச் சரியும், குனிவது குறையும். விளக்கு போதாததால்தான் பலர் கூடுதலாகக் குனிகிறார்கள். காஜா, ஹெம்மிங் போன்ற கைவேலையை மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் செய்யுங்கள்; துணி கண்ணைத் தேடி வரட்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் பீஸ் கணக்கை விட்டுவிட்டு அரைமணிக்கு ஒரு தடவை எழுந்திருப்பதைக் கணக்காக வைத்துக்கொள்வது நல்லது.

கடை: ஜவுளிக்கடையிலும் மளிகையிலும் வில்லன் மேல்தட்டு. ஸ்டூல் மேல் ஏறி எடுங்கள். அண்ணாந்து கைநீட்டி இழுக்காதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

பெயின்டர், எலக்ட்ரீஷியன்: கூரையைப் பார்த்தே செய்யும் வேலையை ஆகக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் சுவர், பிறகு நீளப்பிடி ரோலர். கூரைக்கு நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி நின்று வேலை செய்தால் கழுத்து குறைவாக அண்ணாக்கும்.

ஓட்டுநர்: கழுத்தை இருபுறமும் தோள்வரை திருப்ப முடியாதவரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட்டின் கனத்தோடு ஒவ்வொரு வேகத்தடையும் நரம்பில் ஏறி இறங்கும். சில வாரம் பஸ்ஸே மேல்.

சித்தாள், சுமை தூக்குபவர்: கலவைச் சட்டி, செங்கல், மூட்டை என எந்தத் தலைச்சுமையும் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் வேண்டாம். அதுவரை தள்ளுவண்டி, சல்லடை, நீர் தெளிப்பது போன்ற வேலைகளை மேஸ்திரியிடம் கேளுங்கள்.

வீட்டுவேலை: விடுப்பே இல்லாத வேலை இது. ‘வீட்டிலதானே இருக்கே’ என்ற சொல்லோடு பெண்களின் ஓய்வு முடிந்துவிடுகிறது. நிறைகுடம் பத்துப் பதினைந்து கிலோ. அரிவாள்மனைக்குக் குனிவதும், துணி பிழிவதும், ஒட்டடை அடிப்பதும் அலுவலக நாற்காலியைவிடக் கழுத்துக்குக் கடினம். நறுக்குவதை மேசைக்கு மாற்றுங்கள். குடத்தைப் பாதி நிரப்புங்கள். ஒட்டடை வேலை வீட்டில் வேறொருவருடையது ஆகட்டும்.

கேட்க வேண்டியதைக் கேட்பது

‘எனக்கு முடியலை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதிராளிக்கு என்ன செய்வதென்று தெரியாது. என்ன முடியாது, எத்தனை நாளைக்கு, பதிலுக்கு என்ன செய்வேன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘அண்ணாச்சி, மூணு வாரத்துக்கு மேல்தட்டுச் சரக்கு மட்டும் தம்பி எடுக்கட்டும். பில்லு, கணக்கு, பேக்கிங் எல்லாம் நான் பாத்துக்கிறேன்’ என்றால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மருத்துவச் சான்றிதழிலும் ‘ஓய்வு தேவை’ என்பதோடு நிறுத்தாமல், தூக்கக்கூடாத எடை, அண்ணாக்கும் வேலை கூடாது, எத்தனை வாரம் என்று எழுதித் தரக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அதன் மருத்துவரிடமே சான்றிதழ் வாங்குங்கள். உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டே வேலை செய்ய விதி இடம் தராது. அரைநாள் வேலையைத் தொடங்கும் தேதியை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

தேறாவிட்டால், திரும்ப வந்தால்

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையாகப் பார்த்தும் கைவலி குறையாவிட்டாலோ, பலம் தளர்ந்துகொண்டே போனாலோ ஆபரேஷன் பேச்சு வரும். கழுத்தின் முன்பக்கமாகப் போய் ஜவ்வை எடுத்து எலும்புகளை இணைப்பது 1950-களிலிருந்து செய்யப்படும் முறை. செயற்கை ஜவ்வு பொருத்துவதும், பின்பக்கமாக நரம்புத் துளையை அகலப்படுத்துவதும் உண்டு. இவை கைவலிக்கும் பலக்குறைவுக்கும் நன்றாகப் பலன் தரும். வெறும் கழுத்துவலிக்கு அவ்வளவு உறுதியில்லை. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் அந்த நாற்பது பக்க நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் இல்லாத விவரங்கள் அதில் இருக்கும்.

ராச்செஸ்டரில் தேறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பின்னொரு நாள் தொந்தரவு மீண்டது. அதனால் குணமான பிறகும் பயிற்சிகளை வாரம் மூன்று நாளாவது செய்யுங்கள். மேசைக்கு அடியில் கொடுத்த கட்டையை எடுத்துவிடாதீர்கள். மேல்கம்பியின் இதம் தேவைப்படாமல் பஸ்ஸில் நின்ற முதல் நாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். என்றைக்காவது அதே கம்பி மறுபடியும் இதமாகத் தோன்றினால், இம்முறை மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் அன்று மாலையே சுமையைக் குறையுங்கள்.